நாக்கைப் பெங்களூரில் வைத்துவிட்டு வந்தவர்

எங்கள் ஃபேக்டரியின் டீமேக்கர், அதாவது தூளை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர், வருடத்துக்கு நான்கு முறை பெங்களூருக்குப் போவார். இரண்டு நாள் லீவு. ஓட்டலில் சாப்பிடுவார், படம் பார்ப்பார், திரும்பி வருவார். படம் என்றால் சினிமா இல்லை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற படம். நீலகிரியில் பிக்கட்டிக்குக் கீழே ஒரு டீ ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவன் லீவு கிடைத்தால் பழனிக்குப் போவான், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவான், ஒன்றுமில்லாவிட்டால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். இவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று நான் கேட்காத ஆள் இல்லை.

நான் அங்கே டெஸ்பாட்ச் கிளார்க். மூட்டைக்கு முத்திரை போடுவது, சாம்பிள் பொட்டலம் கட்டிக் குன்னூர் தேயிலை ஏலத்துக்கு அனுப்புவது என் வேலை. அந்த வேலைக்கு நடுவே எனக்கு நிறைய நேரம் இருந்தது. அந்த நேரம் முழுவதையும் டீமேக்கரைக் கிண்டல் செய்வதில் செலவழித்தேன். பொய் சொல்வானேன், அதில் நான் கெட்டிக்காரன் என்று ஃபேக்டரியில் எல்லோரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஆள் பார்க்கச் சாதாரணம்தான். ஐம்பத்தைந்து வயது, காதுவரை இறங்கிய குல்லா, முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர். ஆனால் பெங்களூர் பஸ் ஏறும் நாளில் மட்டும் இஸ்திரி போட்ட சட்டை, தோளில் ஒரு துணிப்பை, ஷூ. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தவர்கள் வாத்தியார் வேலைக்கு இன்டர்வியூ போகிறார் என்று நினைத்தார்கள். அவருடைய சம்சாரம் மூன்று முறை கூடப் போனார். நான்காவது முறை, "எனக்கு முட்டி வலிக்குதுங்க, நீங்களே போய் அந்தச் சுவத்தப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வந்த பிறகு எங்களுக்குத்தான் கஷ்டம். ஒரு வாரத்துக்கு ஃபேக்டரி கேன்டீனில் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. ஒரு நாள் உப்புமாவைக் கிண்ணத்தில் அமுக்கித் தட்டில் கவிழ்த்து, சுற்றிலும் சட்னியைப் பொட்டுப் பொட்டாக வைத்து, ஓரத்தில் ஒரே ஒரு கொத்தமல்லி இலையைச் சாய்த்து வைத்தார். இலை உருட்டும் மெஷினில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

"அவசரப்படாதீங்க. மொதல்ல கண்ணுல சாப்பிடோணும். அனுபவிக்கோணுமுங்க" என்றார்.

"நீங்க அனுபவிங்க, எங்களுக்கு வயித்துல போடுங்க" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். எவ்வளவு குத்தினாலும் கோபம் வராது. குத்துகிறவனுக்குக் கொஞ்சமாவது மரியாதை வேண்டாமா?

ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "வந்து பாருங்க, அப்பறம் பேசுங்க" என்றார். பேசுவதற்கு விஷயம் கிடைக்குமே என்று போனேன்.

போன உடனே ஒரு ஓவியக் கண்காட்சி. வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், செருப்புச் சத்தம்கூடக் கேட்காத அமைதி. டீமேக்கர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, இலை வாட்டும் மாடியில் நடப்பது போலவே ஒவ்வொரு படமாக நடந்தார். ஒரு படத்துக்கு முன்னால் இருபது நிமிடம். எனக்குக் கால் கடுத்தது. "இதுல கலர் இருக்குது, பாடி இல்லீங்க" என்றார். இன்னொன்றைப் பார்த்து, "இது டஸ்ட். கீழ கூட்டுனது" என்றார். பாடி என்கிற கனம், டஸ்ட் என்கிற கடைசித் தூள் என்று தேயிலைக்கு மார்க் போடுகிற அதே வாயால் படத்துக்கும் மார்க் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் முழுக்கச் சிவப்பாக இருந்த ஒரு பெரிய படத்துக்கு முன்னால் நின்றவர், குனிந்து, மூக்கை அதில் ஒட்டுகிற தூரத்துக்குக் கொண்டுபோய், ஆழமாக ஒரு இழுப்பு இழுத்தார்.

காவலுக்கு இருந்த பெண் ஓடி வந்தது. "சார், சார், டச் பண்ணாதீங்க."

"தொடலீங்க அம்மணி. மோந்துதான் பாத்தேன்."

அந்தப் பெண் பலகையைத் திரும்பிப் பார்த்தது. தொடக் கூடாது என்று பலகை இருந்தது. மோந்து பார்க்கக் கூடாது என்று பலகை இல்லை. எதை வாங்கினாலும், எதைப் பார்த்தாலும் முதலில் மூக்கால் விசாரிப்பது அவர் வழக்கம். வாட்டிய இலையை இரண்டு கையிலும் அள்ளி முகத்தைப் புதைத்து, "இன்னும் ஒரு மணி நேரம் விடு" என்று சொல்கிற ஆள். படத்தை மட்டும் சும்மா விடுவாரா?

மதியம் சாப்பிடப் போனோம். மெத்தை வைத்த நாற்காலி, மேலே கூண்டு கூண்டாக விளக்கு. எனக்கு வந்த தட்டு முறம் அகலம் இருந்தது. அதன் நடுவில் மூன்று துண்டு கத்திரிக்காய் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது. அவருக்கு முதலில் சூப் வந்தது. ஸ்பூனில் எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனார். அப்புறம் நடந்ததுதான் நான் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் சொல்கிற கதை.

டீ ருசி பார்ப்பவர்கள் அதைக் குடிக்க மாட்டார்கள். ஸ்பூனில் எடுத்து, காற்றோடு சேர்த்து, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு உறிஞ்சுவார்கள். நாக்கு முழுக்க, மூக்குக்குப் பின்னால் வரைக்கும் அது தெறிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருக்கும் தொட்டியில் துப்பிவிடுவார்கள். முப்பது வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை அப்படிச் செய்த வாய், அந்த ஓட்டலிலும் அப்படியே செய்தது. எட்டு மேஜையும் திரும்பிப் பார்த்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. டீமேக்கர் சூப்பை வாயில் வைத்துக்கொண்டு, துப்புவதற்கு இடம் தேடி இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். தொட்டி இல்லை. கண் பிதுங்கியது. கடைசியில் வேறு வழியில்லாமல் விழுங்கினார். விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, "பூண்டைச் சுட்டுப் போட்டிருக்கறானுங்க. வதக்கல, சுட்டிருக்கறான்" என்றார். பரிமாறுகிறவரை விசாரித்தால், அது உண்மை.

நான் போன் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் எதிர்க்கடையில் இரண்டு மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன். அவர் அதே சூப்பில் இன்னும் இருந்தார்.

இந்தக் கதையை ஃபேக்டரியில் வந்து நான் நடித்துக் காட்டினேன். இலை உலர்த்துகிற டிரையரைப் பார்க்கிற செல்லமுத்து சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டார். டீமேக்கர் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, "சத்தம் இன்னும் கொஞ்சம் நீளமா வரோணுமுங்க" என்று திருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

கொரோனா இரண்டாவது அலை வந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டது. இருபது நாள் குவார்ட்டர்ஸில் கிடந்தார். எழுந்து வந்தபோது கொஞ்சம் இளைத்திருந்தார், அவ்வளவுதான். வழக்கம்போலக் காலையில் ஜன்னலோரம் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, உறிஞ்சித் துப்பி, "இது சரி, இது கொஞ்சம் வேகல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பெங்களூர் போய் வந்தார்.

அந்த முறை வந்து சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்க முழுக்கப் படம்தான். சிவப்பில் ஏழு விதம் இருக்கிறதாம். செங்கல் சிவப்பு, துருச் சிவப்பு, மாதுளைச் சிவப்பு என்று விரல் விட்டு எண்ணினார். அடுத்த மாதமே மறுபடி போனார், அதற்கடுத்த மாதமும் போனார். ஓட்டலைப் பற்றிக் கேட்டால் தட்டின் நிறத்தைச் சொன்னார், மீன் பொரிகிற சத்தத்தைச் சொன்னார். ஆள் ஒரேயடியாகக் கலைஞன் ஆகிவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். கலைஞனைக் கொஞ்சம் தரைக்கு இறக்க வேண்டும் என்று எனக்கு அரித்தது.

ஒரு காலையில் அவர் வருவதற்கு முன்னால், ஆறு கோப்பைகளில் நான்காவதில் ஒரு ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கி வைத்தேன். செல்லமுத்து கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். டீமேக்கர் வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதை உறிஞ்சினார். நான் சிரிப்பதற்குத் தயாராக இருந்தேன். அவர் துப்பிவிட்டு, கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "நாலாவதுதானுங்க இன்னைக்கு டாப்பு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், செல்லமுத்துவைப் பார்த்தார். மறுபடி கோப்பையைப் பார்த்தார்.

"என்னுங்க போட்டீங்க?" என்றார்.

"உப்பு" என்றேன்.

"ஓ" என்று சொல்லி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சமா?"

"ஒரு ஸ்பூன்."

செல்லமுத்துதான் முதலில் பேசினார். "ஐயா, நாங்க வெளாட்டுக்குத்தான்யா செஞ்சோம்" என்றார், அழுகிற குரலில். நான் அந்தக் கோப்பையை எடுத்துத் தொட்டியில் கொட்டினேன். வெட்கமாக இருந்தது.

காய்ச்சல் போனபோது நாக்கும் மூக்கும் சேர்ந்து போய்விட்டன என்று அவர் சொன்னார். ஆறு மாதமாக ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் வரும் என்றாராம், எப்போது என்று சொல்லவில்லையாம். கோப்பையின் நிறத்தையும், வெந்த இலையின் நிறத்தையும் வைத்துக் கண்ணாலேயே சமாளித்துக்கொண்டிருந்தார். பெங்களூருக்கு அடிக்கடி ஓடியது அதற்காகத்தான். அங்கே ஓட்டலில் உட்கார்ந்து, காரமும் புளியுமாக எதையாவது வாயில் போட்டுப் பார்ப்பாராம், இன்றைக்கு வந்துவிட்டதா என்று. வராது. எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்று கண்ணைப் பழக்குவாராம். ஏழு சிவப்பு என்பது ஏழு கோப்பை டீ. எனக்கு அது அன்றைக்குத்தான் விளங்கியது.

"மொதலாளிக்குத் தெரிஞ்சா இந்த ஸ்டூல்ல வேற ஆளு உக்காந்துக்குவானுங்க. ஸ்டூலு போனா குவார்ட்டர்ஸும் போச்சு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுங்களே" என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு முன்னால் நான் உறிஞ்ச ஆரம்பித்தேன். நான் சொல்வேன், அவர் முடிவு செய்வார். முதல் வாரம் பெரிய கூத்து. நான் "நல்லாருக்குதுங்க" என்பேன். அவர் மேஜையைத் தட்டுவார். "நல்லாருக்குதுன்னா என்னுங்க அர்த்தம்? நாக்கு ஓரத்துல சுருக்குதா? தொண்டையில நிக்குதா? புல்லு வாசமா, சுட்ட வாசமா?" மனிதர்களைப் பற்றி அவ்வளவு பேசுகிற எனக்கு ஒரு டீயைப் பற்றிச் சொல்ல நான்கு வார்த்தை கிடையாது. முப்பது வருடத்தில் அவர் முதல் முதலாகக் கோபப்பட்டதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு என்னவோ அது பிடித்திருந்தது. எப்படியோ ஒப்பேற்றினோம். ஐந்து மாதம் யாருக்கும் தெரியவில்லை.

பிறகு நான் மேட்டுப்பாளையத்தில் மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு மூன்று நாள் போனேன். அந்த மூன்று நாளில் டிரையரின் அடுப்புக் குழாயில் எங்கேயோ விரிசல் விட்டு, புகை உள்ளே இறங்கி, தூள் முழுக்கப் பிடித்துக்கொண்டது. செல்லமுத்து அடுப்புப் புகையிலேயே வளர்ந்தவர், அவர் மூக்குக்கு அது உறைக்கவில்லை. புகை பிடித்த தேயிலைக்கு நிறம் மாறாது. கண்ணுக்கு அது நல்ல டீ. டீமேக்கர் பாஸ் செய்தார். மொத்தமும் வாங்கினவரிடமிருந்து திரும்பி வந்தது.

முதலாளி கீழே இறங்கி வந்தார். நல்ல மனிதர், சத்தம் போடாதவர். நேராக என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

"ஏனுங்க, நம்ம டீமேக்கருக்கு நாக்குல ஏதாச்சும் பிரச்சினைங்களா? புகை நாத்தம் வாசல்லயே அடிக்குது, அவருக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

சொல்லக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் மூன்று பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீமேக்கரைப் பற்றிக் கேள்வி வந்தால் நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்து பழகினவர்கள். எனக்கும் அவர்கள் சிரிப்பு பழகிவிட்டது.

"அவரு நாக்கைப் பெங்களூர்லயே வெச்சுட்டு வந்துட்டாருங்க மொதலாளி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நெசமாவே நாக்கு இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் முத்திரைக் கட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில் திறந்தேன், திறந்திருக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரம் குன்னூரிலிருந்து ஒருவர் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இலை எடை போடும் இடத்தில் இருந்துகொள்ளச் சொல்லி முதலாளி டீமேக்கரிடம் கேட்டாராம். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அன்னூர் பக்கம் தம்பி வீட்டுக்குப் போவதென்று முடிவாகி, சாமான்களை டெம்போவில் ஏற்றி அனுப்பினார். நான் அந்த நாட்களில் அவர் வரும் வழியில் நிற்கவே இல்லை. டெஸ்பாட்ச் ரூமில் மூட்டைகளுக்குப் பின்னால் எனக்கு ஏகப்பட்ட வேலை இருந்தது.

கடைசி நாள் அவரே அங்கே வந்தார். "ரெண்டு நாளு லீவு போடுங்க. பெங்களூர் போலாம்" என்றார்.

போனோம். பஸ்ஸில் எட்டு மணி நேரம் அவர் மைசூர் வழியில் தெரிகிற மரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். நான் ம் கொட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் படங்களைப் பார்த்தார். நானும் பக்கத்திலேயே நின்றேன், கால் கடுக்கிறது என்று சொல்லவில்லை. மதியம் ஒரு புது ஓட்டல். அவர் ஒரே ஒரு மீன் சொன்னார், என் பக்கம் வைக்கச் சொன்னார். வாழையிலையில் சுற்றிச் சுட்ட மீன். ஆவி வந்துகொண்டிருந்தது. அவருக்கு முன்னால் வெறும் தண்ணீர்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "மொதலாளிகிட்டச் சொன்னது நான்தானுங்க" என்றேன். "சொல்லோணும்னு சொல்லலீங்க. வாயில வந்துருச்சு."

"தெரியுமுங்க" என்றார். "அன்னைக்கே மொதலாளி சொல்லிட்டாரு. சொல்லறப்ப அவருக்குச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சுங்க. நல்லாத்தான் சொல்லியிருக்கறீங்க."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இலையை விரலால் பிரித்து, நடுத்துண்டை எடுத்து என் பக்கம் வைத்தார்.

"அதுக்குத்தானுங்க உங்களைக் கூட்டியாந்தேன். ஒரு மனுசனை ஒரே வரியில அப்படிச் சொல்லத் தெரிஞ்ச ஆளு, இந்த மீனைச் சொல்ல மாட்டீங்களா? அவசரமில்ல. வாயில போடுங்க. போட்டுட்டு, எப்படி இருக்குதுன்னு எனக்குச் சொல்லுங்க."

துண்டை வாயில் போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக் காத்திருந்தார். நான் மென்றேன். எதிரில் இருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றேன். எவ்வளவு தேடியும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"நல்லாருக்குதுங்க" என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னொரு வாய் சாப்பிட்டுப் பாருங்க" என்றார்.